மல்லிக் பஜார் பெல்ட்

எழுபதுகளில் கல்கத்தாவில் ஒரு கோல்ஃப் கிளப் ஆபீசில் வேலை பார்த்தேன். டைப் அடிப்பது, சாமான் வாங்குவது எல்லாம் நான்தான். என் கணவரின் தொழிற்சாலை கதவடைப்பில் கிடந்தது. பாலிகஞ்சில் வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் என்னுடையது.

கிளப்பில் புல் வெட்டும் வண்டி ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தால் அடியில் பிளேடுகள் சுழன்று புல்லை வெட்டும், விட்டால் நின்றுவிடும். அதை ஓட்டியவர் ஒரு நடுத்தர வயது வங்காளி. வங்காள வழக்கப்படி நான் அவரை அண்ணன் என்ற பொருளில் தாதா என்பேன், அவர் என்னை அக்கா என்ற பொருளில் தீதி என்பார். எனக்கு வாய்த்த உடைந்த வங்காளத்தைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

மழை பிடித்த சமயத்தில் பிளேடை ஓட்டும் பெல்ட் அறுந்தது. வண்டி செய்த கம்பெனிக்கே எழுதி ஒரிஜினல் பெல்ட் வரவழைத்தோம். கப்பல் வந்துவிட்டது, பெல்ட் வரவில்லை. கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. பஸ் மாறி மாறிப் போய் அந்தக் கவுண்டர் முன்னால் நிற்பேன். "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். இங்கே புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது.

கிளப் செயலாளர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "பெல்ட்டுன்னா பெல்ட்டுதானே மேடம்? மல்லிக் பஜார்ல கிடைக்காததா? கோல்ஃப் போட்டி நெருங்குது. நாளைக்கே வாங்கிட்டு வாங்க" என்றார்.

அறுந்த பெல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கார் உதிரி பாகங்கள் விற்கும் மல்லிக் பஜாருக்குப் போனேன். கடைக்காரர் நீளமும் அகலமும் அளந்து பார்த்து, காருக்குப் போடும் ஒரு பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். வண்டியில் கச்சிதமாகப் பொருந்தியது. புல் பறந்தது. செயலாளருக்கு ஒரே சந்தோஷம்.

அன்று சாயங்காலம் தாதா என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"தீதி, லீவரை விட்டாலும் பிளேடு நிக்க மாட்டேங்குது."

ஷெட்டுக்குப் போய் இரண்டு பெல்ட்டையும் தடவிப் பார்த்தேன். பழையதின் மேல் துணி சுற்றியிருந்தது. லீவரைத் தளர்த்தினால் அது சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு பிளேடை விட்டுவிடும். புதியது வெறும் ரப்பர், சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை. நாங்கள் கேட்டது பெல்ட், அவர் கொடுத்ததும் பெல்ட்.

செயலாளரிடம் சொன்னேன். "இன்ஜினை அணைச்சிட்டு சுத்தம் பண்ணச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார். அணைத்தால் வண்டி மறுபடி கிளம்பாது, பேட்டரி அந்த லட்சணம். புது பேட்டரி கேட்டதற்கு, "போட்டி முடியட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு என் காது முழுக்க அந்த வண்டியின் மேல்தான். டைப் அடித்துக்கொண்டே கேட்பேன். சத்தம் மாறினால் ஈரப்புல் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். எழுந்து ஜன்னலுக்குப் போவேன். சத்தம் சரியானதும் திரும்பி வந்து உட்காருவேன். அந்த அறையில் மூச்சு முட்டியது. வெளியே போனாலும் எங்கே போவது?

வீட்டில் சொன்னேன்.

"நீதான் அவருகிட்ட சொல்லிட்டியே. அப்புறம் எதுக்குப் போட்டு உழப்பிக்கிற?" என்றார் கணவர்.

"சொன்னா ஆச்சா?"

"வேற என்ன செய்ய முடியும்? வேலைய விட்டுட்டு வந்துடுன்னு சொல்ற நெலமையிலயா நான் இருக்கேன்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் காலை சத்தம் மாறியது. நான் எழுவதற்குள் ஒரு அலறல் கேட்டது. தாதா லீவரை விட்டுவிட்டு, பல வருஷப் பழக்கத்தில், அடைத்த புல்லை எடுக்க அடியில் கைவிட்டிருக்கிறார். ஓடிப் போய் என் புடவைத் தலைப்பைக் கிழித்து அவர் கையில் சுற்றினேன். டாக்ஸி பிடித்து ஏற்றினோம். பாதி வழியில் தெருவெல்லாம் மழைத் தண்ணீர், டாக்ஸி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வந்தது. அவர் கையை உயர்த்திப் பிடித்தபடி அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

"தீதி, வண்டிய அணைச்சாங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அணைச்சாச்சு தாதா, அணைச்சாச்சு."

கடைசியில் முழங்காலளவு தண்ணீரில் வந்த ஒரு கைரிக்‌ஷாக்காரர்தான் எங்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன.

விபத்தை விசாரிக்க கிளப் கமிட்டி கூடுவதற்கு முன் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "வண்டி ஓட்டுறவர் எந்தப் புகாரும் சொல்லலைன்னு மட்டும் சொல்லுங்க. போதும். உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்." மிரட்டலா ஆறுதலா என்று அவர் குரலில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கமிட்டி அறையில் நீள மேஜை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாடகை, பள்ளிக்கூடம், கணவரின் குனிந்த தலை எல்லாம் மனதில் வந்தன. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"பிளேடு நிக்கலைன்னு பெல்ட் மாத்தின அன்னிக்கே அவர் எங்கிட்ட சொன்னாரு. நானும் அன்னிக்கே செயலாளர்கிட்ட சொன்னேன்."

செயலாளர் மேஜை மேலிருந்த பென்சிலை நேராக்கினார்.

தாதாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். செயலாளரும் அதே நாற்காலியில் இருந்தார். என் மேஜையை மட்டும் ஜன்னல் இல்லாத ஸ்டோர் அறைக்கு மாற்றினார்கள். போட்டி முடிந்து பல வாரம் கழித்து ஒரிஜினல் பெல்ட் வந்தது. நானே போய் வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஏதோ சாவு என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

கதவடைப்பு தீரவே இல்லை. பிள்ளைகள் படித்து முடிக்கும் வரை அந்த ஸ்டோர் அறையில்தான் இருந்தேன்.