மார்னா சொல்லும் வயது

மார்னாவின் வலது கை ஊசியைத் தள்ளுகிறது. இடது கை வாரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கடையில் கிடைக்கும் மல்யுத்தக் காதுக் கவசங்களில் மிகச் சிறியதுகூட ஐந்து வயதுத் தலைக்குப் பெரிது. எதிராளியின் பிடி விழுந்தால் சுழன்று மூக்குக்கு வந்துவிடும். அதனால் வாரை மடித்துத் தைக்க வேண்டும். அளவு பார்க்கத் தன் முழங்கால் போதும் அவளுக்கு. மடக்கிய முழங்காலில் கவசத்தை மாட்டி ஓர் ஆட்டு ஆட்டுவாள். நழுவினால் இன்னொரு மடிப்பு.

அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. குளிர்காலச் சனிக்கிழமைகளில் மல்யுத்த மெத்தையின் ஓரம் மார்னாவின் இடம். பிள்ளையை எந்த வயதில் சேர்க்கலாம் என்று பெற்றோர் அவளைத்தான் கேட்பார்கள். ஒருவரிடம் ஐந்து என்பாள். விழப் பழகிய குழந்தைக்கு அழுகை சீக்கிரம் அடங்குமாம். அடுத்தவரிடம் பதின்மூன்று, ஆசை தானாக வரட்டுமாம்.

"போன வாரம் வேற சொன்னியே மார்னா," என்று பயிற்சியாளர் சீண்டினார்.

"போன வாரம் வேற மார்னா."

குழப்பம் அவள் வீட்டிலேயே இருக்கிறது. தம்பி டேரில் ஐந்தில் தொடங்கினான். பத்து வயதில் சுற்றுவட்டாரத்தில் அவனை அறியாதவர் இல்லை. பதினைந்தில் ஒருநாள் மல்யுத்தக் காலணியைக் கழற்றியவன் மறுபடி மாட்டவேயில்லை. ஏன் என்று இன்றுவரை சொன்னதுமில்லை. அவள் மகனோ பதின்மூன்றில் தொடங்கினான். வாராவாரம் தோற்கிறான், சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறான்.

இன்று டேரில் தன் ஐந்து வயது மகள் ஹேட்டியோடு வந்து, புதுக் கவசம் ஒன்றை மார்னாவின் மடியில் வைத்தான். மார்னா ஊசியைக் கீழே வைத்தாள்.

"நீயே விட்டுட்டு ஓடினவன். இவள ஏன்டா கூட்டிட்டு வந்த?"

"தெரியலக்கா. போன மாசம் பனியில வழுக்கிட்டேன். உடம்பு தானா உருண்டு எந்திரிச்சிடுச்சு. அஞ்சு வயசுல கத்துக்கிட்டது. இவளுக்கும் இது வேணும்னு தோணிச்சு. அப்புறம், நான் பட்டது இவ பட வேணாம்னும் தோணுது. நீயே சொல்லு. வேணாம்னா இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

ஹேட்டி அதற்குள் மெத்தையில் குப்புற விழுந்து எழுந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடத் திரும்பாமல் மறுபடி விழுந்தாள். மார்னா நெடுநேரம் அவளையே பார்த்திருந்தாள். பிறகு தைக்கத் தொடங்கினாள்.

வேலை முடிந்ததும் டேரில் கையை நீட்டினான். மார்னா குழந்தையைக் கூப்பிட்டாள்.

"ஹேட்டிம்மா, என்னைக்காவது இது வேணாம்னு தோணிச்சுன்னா அத்தைகிட்ட குடுத்துடு. ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்."

தம்பியின் நீட்டிய கையைக் கடந்து குனிந்து, கவசத்தைக் குழந்தையின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.