எல்லாம் இடது கால்

சீருடை தைக்கும் அந்தக் கடையில் துணி வெட்டும் பொறுப்பு அவருடையது. கடையில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் புயல். வரும்போது வேகம், போன பிறகு சேத மதிப்பீடு. கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டே அதைத் தேடுவதில் அவருக்கு நிகரில்லை. காலர் பாதியில் இருக்கும்போது பாக்கெட்டைப் பற்றி மகத்தான யோசனை உதிக்கும். அதை வரைய சாக்பீஸ் வாங்கப் போனவர் குடை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

இந்தத் திறமைகளின் உச்சம் மருத்துவமனை ஊழியர்களுக்கான பேன்ட் ஆர்டரில் வெளிப்பட்டது. துணியை விரித்து, அளவு அட்டையை வைத்து ஒரு காலுக்கு வெட்டியதும், மறு காலுக்கு அட்டையைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பும் நேரத்தில் போன் அடித்தது. பேசி முடித்தவர், திருப்பியாகிவிட்டது என்ற பூரண நம்பிக்கையோடு மீதியை வெட்டித் தள்ளினார். அத்தனையும் இடது கால்.

கடையின் முதலாளி அவருடைய அண்ணிதான்.

"ஏன்டி, அந்த ஆஸ்பத்திரியில எல்லாரும் நொண்டியடிச்சா நடக்கிறாங்க?"

"திருப்பினேன்னு சத்தியமா நினைச்சேன் அண்ணி."

"நினைப்பை இடுப்புல மாட்டிக்க முடியாதுடி. அடுத்த ஆர்டர்ல இப்படி ஆச்சுன்னா வெட்டுற மேஜை வேற ஆளுக்கு. நீ பட்டன் தைச்சுக்கிட்டு உக்காரு."

வெட்டுகிறவரைப் பட்டன் தைக்க உட்கார வைப்பது, விமானியைப் பெட்டி தூக்கச் சொல்வதற்குச் சமம். புயல் அழுதார். அழுகையின் நடுவே ஜன்னல் திரை கோணலாயிருப்பதைக் கண்டு சரிசெய்யப் போனது வேறு விஷயம்.

துணி என்னவாயிற்று என்று கேட்க வந்திருந்த மருத்துவமனை நர்ஸ் இதையெல்லாம் பார்த்தார். "சின்ன வயசுலேர்ந்தே இப்படியாக்கா? எங்ககிட்ட உளவியலாளர் இருக்காங்க. ஒரு தடவை பாருங்களேன்."

'கொஞ்சம் கவனமா இரு' என்ற அறிவுரையைப் பிறந்ததிலிருந்து இலவசமாகப் பெற்று வந்தவருக்கு, முதல் முறையாக வேறொன்று கிடைத்தது. போவதென்று முடிவெடுத்தார். முதல் சந்திப்பை மறந்தார். இரண்டாவதற்கு வேறு நாளில் போய்ப் பூட்டிய கதவைத் தட்டினார். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாவது முறை புயல் தன் கணவரையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

உளவியலாளர் பள்ளிப் பருவத்திலிருந்து கேட்டார். தூக்கம், கவலை, தைராய்டு எதையும் விடவில்லை. கணவரையும் விசாரித்தார்.

"வீட்ல எப்படிங்க?"

"அடுப்புல பால் இருக்கும் மேடம். இவ மாடியில இருப்பா."

சில சந்திப்புகளுக்குப் பிறகு, "உங்களுக்கு இருக்கிறது ஏடிஹெச்டி, கவனம் சிதறுற கோளாறு. பெரியவங்களுக்கும் இருக்கும்," என்றார் அவர்.

"அப்போ சோம்பேறித்தனம் இல்லையா மேடம்?"

"சோம்பேறி இவ்வளவு அலைய மாட்டாங்கம்மா. உங்களுக்குக் கவனம் இருக்கு. அதை ஒரு இடத்துல பிடிச்சு வைக்கிறதுதான் கஷ்டம்."

அறையின் ஜன்னல் திரை கோணலாயிருந்ததைக்கூடக் கவனிக்காமல் புயல் இதைக் கடைசி வரை கேட்டார். கணவருக்குப் பயம் வந்துவிட்டது.

உளவியலாளர் அனுப்பிவைத்த மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். உளவியலாளரோடு வியாழன்தோறும் பயிற்சி. வெட்டும்போது போன் அண்ணியின் மேஜை டிராயரில் கிடக்கும். அட்டையில் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம். நிறத்தை வாய்விட்டுச் சொல்லாமல் கத்தரி துணியைத் தொடாது. அலையும் கவனத்தை அவ்வப்போது திரும்ப இழுக்க அலாரம் வைத்துப் பார்த்தார்; இரண்டே வாரத்தில் அதன் சத்தம் காதில் விழாமல் போயிற்று. அதை எறிந்துவிட்டு வேறு வழி தேடினார்.

அடுத்த ஆர்டர் வந்தது. புயல் "சிவப்பு... நீலம்..." என்று முழங்கிக்கொண்டே வெட்டினார். அண்ணி நடுவில் வந்து, "உங்கண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா?" என்று தூண்டில் போட்டார்.

"இந்த அடுக்கு முடியட்டும் அண்ணி."

அண்ணனைப் பற்றிய வம்பைப் புயல் ஒத்திப்போட்டது சரித்திரத்தில் அதுவே முதல் முறை. அண்ணி வெட்டிய கால்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க மிகவும் முயன்றார்.

"சரி, மேஜை உனக்குத்தான். அதான் குணமாயிடுச்சே, இனி வியாழக்கிழமை லீவு எதுக்கு?"

"குணமாகல அண்ணி. சமாளிக்கிறேன். வியாழக்கிழமை போவேன்."

"முடியாதுன்னு சொன்னா?"

"சொல்லிப் பாருங்க."

அண்ணி சொல்லவில்லை. வரும் வியாழனும் புயல் இல்லை என்று, தையல்காரர்களுக்குக் கேட்கும்படி உரக்க அறிவித்தார்.