உள்ளங்கையில் அடங்கும் கேமரா

பயணத்துக்கென்று வீடியோ கேமரா வாங்கியபோது, கடையில் இருந்ததிலேயே சிறியதைத்தான் எடுத்தேன். சட்டைப்பையில் கிடக்கும், யார் கண்ணையும் உறுத்தாது என்று நினைத்தேன்.

இப்போது பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில், அதை உள்ளங்கைக்குள் வைத்துப் படமெடுத்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே ஒரு தரகரும் மாடு வாங்க வந்தவரும் ஒரே துண்டுக்கு அடியில் கைகோத்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாமல், விரலைத் தொட்டே விலை பேசி முடிப்பது இங்கே வழக்கம்.

தரகர் என் கையைப் பார்த்துவிடுகிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வருகிறார்.

"ஏனுங்க, கைக்குள்ள என்னுங்க?"

"கேமராங்க. சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தேனுங்க."

"பெரிய கேமரான்னா நாங்களே மாட்டப் புடிச்சுட்டு நின்னிருப்போமுங்க. இத்தன சின்னது எதுக்குங்க?"

சுற்றிலும் பேச்சு நின்றுவிட்டது. எடுத்ததைப் போட்டுக் காட்டிவிடலாமென்றால், அதில் இருப்பதெல்லாம் அந்தத் துண்டுதான்.

அவர் சிரித்தபடியே துண்டை என் கைமேல் போடுகிறார். அடியில் அவருடைய விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாக இறுக்குகின்றன.

"யாரு அனுப்புனாங்க? சொல்லு கண்ணு."