அமெரிக்கச் சாப்பாட்டுக் கடையில் பெண் பேசினோம்

என் மகளுக்குச் சம்பந்தம் பேசியது பெட்டாலிங் ஜெயாவில், ஓர் அமெரிக்கச் சாப்பாட்டுக் கடையில். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அப்பா அரசாங்கத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா டீச்சர். நான் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படிப்பு. அந்த மூன்றாம் வகுப்பை மட்டும் இரண்டு வருஷம் ஆழமாகப் படித்தேன். எங்கள் வீட்டுக்கு வர அவர்களுக்கு மனமில்லை. அவர்கள் வீட்டுக்கு எங்களைக் கூப்பிடவும் மனமில்லை. அதனால் நடுவில் அமெரிக்கா.

மகளும் மாப்பிள்ளையும் ஒரே பாங்க்கில் வேலை. மூன்று வருஷப் பழக்கம். "இவர் இல்லன்னா வேற யாரும் வேணாம்ப்பா" என்று மகள் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அம்மா மாதிரி.

அந்த அம்மா, அதாவது என் மனைவி, காரில் ஏறியதும் சட்டம் போட்டாள்: "அவங்க வாயால சரின்னு சொல்ற வரைக்கும் கை நனைக்கக் கூடாது." பெண் பேசப் போன இடத்தில் முடிவு தெரியாமல் சாப்பிட்டால், அவர்கள் என்ன சொன்னாலும் நமக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். எங்கள் பக்கத்துப் பழக்கம். அவள் காலையிலேயே பழைய சோற்றைத் தின்றுவிட்டு வந்திருந்தாள். நானோ, வெள்ளைக்காரன் சாப்பாடு என்று கேள்விப்பட்டு முந்தின நாள் ராத்திரியிலிருந்து வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன்.

"தண்ணி குடிக்கலாமா?"

"குடிங்க. மெல்லாதீங்க."

கடையில் குளிர் ஆளைத் தூக்கியது. வாசலில் காய்ந்த இலைகளையும் பூசணிக்காய்களையும் அடுக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் இப்போது இலையுதிர்காலமாம். அதனால் இந்த மாதம் பூசணி சூப், வான்கோழி, கடைசியில் இனிப்புக்குப் பூசணி பை. மாப்பிள்ளையின் அம்மா விளக்கினார்: "இஞ்ச சீசனுக்குச் சீசன் சாப்பாட்டை மாத்துவினம்."

"நம்ம ஊர்ல ரெண்டே சீசன்தாங்க," என்றேன். "மழை, டுரியான் பழம்."

மாப்பிள்ளையின் அப்பா சத்தமாகச் சிரித்தார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. என்னிடம் படிப்பு இல்லை, பதவி இல்லை, இது ஒன்றுதான் இருக்கிறது.

சூப் வந்தது. பரங்கிக்காயில் இத்தனை வாசனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கரண்டியைத் தொடாமல் பேசினேன். "ஆயுத பூஜைக்கு எங்க யார்டுல லோரிக்கு முன்னால பூசணிக்காய ஒடைப்போம். இங்க அதையே கலக்கிக் கிண்ணத்துல குடுக்குறாங்க." மறுபடி சிரிப்பு. மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். வெயிட்டர் வந்து, "ஹபிஸ் சுடா, அங்கிள்?" என்று, சாப்பிட்டு முடிந்ததா என மலாயில் கேட்டுவிட்டு, நிறைந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். ஒரு பிணத்தை அனுப்பி வைப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வான்கோழி வந்தது. ஒரு துண்டின் மேல் குழம்பு, பக்கத்தில் சிவப்பாக ஜாம். நாங்கள் ஜாமை ரொட்டிக்குத் தடவுகிறவர்கள். என் வயிறு கத்தியது எதிரில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினேன். மலாய் படிக்கத் தெரியாமல் சைன்போர்டு படங்களை மனப்பாடம் செய்து லைசன்ஸ் வாங்கியதைச் சொன்னேன். வடக்கே ரவாங்குக்குப் போகவேண்டிய சரக்கைத் தெற்கே காஜாங்கில் இறக்கிவிட்டு, குச்சியில் சுட்ட சாத்தே தின்றுவிட்டுப் பெருமையாகத் திரும்பிவந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, வயிறு நோகுது," என்று மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் துடைத்தார். "உங்களோட இருந்தா நேரம் போறதே தெரியாது."

"கல்யாணத்துல மைக்க மட்டும் என் கையில குடுங்க. ஐந்நூறு பேரையும் சிரிச்சு உருள வச்சிடுறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை தன் தட்டையே பார்த்தார். என் தட்டும் என் மனைவியின் தட்டும் தொடாமலேயே போய்ச் சேர்ந்தன.

கடைசியாகப் பூசணி பை. மேலே வெள்ளையாகக் கிரீம். மாப்பிள்ளையின் அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்கள் ஒண்டுமே சாப்பிடேல்ல."

"பசியில்லைங்க."

"முடிவு தெரியாமக் கை நனைக்க மாட்டீங்கள். எனக்கும் தெரியும். நீங்கள் எவ்வளவு நேரம் தாங்குவீங்கள் எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான்." டீச்சர் அல்லவா, குரல் உயரவே இல்லை. "பிள்ளை நல்ல பிள்ளை. எங்களுக்குச் சம்மதம்."

என் மனைவி மூச்சு விட்டாள். என் கை தானாகவே கரண்டிக்குப் போனது.

"ஒரு விசயம்," என்றார் அவர். கை நின்றது. "எங்கட பக்கத்தில டாக்டர்மார், ஜட்ஜ்மார் எல்லாம் வருவினம். உங்கட தம்பி ஹெட்மாஸ்டர்தானே? அவரும் மனைவியும் மேடையில நிண்டு தாரை வார்க்கட்டும். கார்டிலயும் அவற்ற பேரையே போடுவம். நீங்கள் ரெண்டு பேரும் முன் வரிசையில வசதியா இருங்கோ."

"நான் பேசவே மாட்டேங்க," என்றேன். "வாய்ல டேப் ஒட்டிக்கிறேன். பொண்ணு கையப் புடிச்சுக் குடுத்துட்டு எறங்கிடுறேன்."

"நீங்கள் பேசாட்டியும்," என்று மாப்பிள்ளையின் அப்பா அன்பாகச் சொன்னார், "பார்த்தவுடன சிரிப்பு வருது."

மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கிளாஸில் இருந்த ஐஸைக் கிளறினார். என் மனைவியைப் பார்த்தேன். அவள் தன் தட்டில் இருந்த பூசணி பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் போட்டவளுக்கும் இதற்கு மேல் சட்டம் தெரியவில்லை. எழுந்து போகலாம். ஒரு வாய்கூடத் தின்னவில்லை, தலை நிமிர்ந்தே போகலாம். அப்படிப் போனால் என் மகள் வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டாள். அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

மகள் கீழே விழுந்திருந்த என் நாப்கினை எடுத்து என் மடியில் விரித்தாள். சின்ன வயதில் அவளுக்கு நான் செய்ததுபோல, பூசணி பையில் ஒரு துண்டை வெட்டி, என் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடுங்கப்பா," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ப்ளீஸ்ப்பா. சாப்புடுங்க."

சாப்பிட்டேன். எதிரில் இருந்த மூன்று பேரும் நான் விழுங்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

தொண்டை அடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது என்றெல்லாம் சொல்லலாம். பொய். பை நன்றாக இருந்தது. என் மனைவி தன்னுடையதைத் தொடவே இல்லை. அதையும் இழுத்து வைத்துத் தின்றேன்.