முத்திரை சாரும் போண்டாவின் எடையும்

கோவிந்தராஜ் சாரை எனக்குப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் காய்கறியும் மளிகையுமாக நான் கடை போட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் என் தராசைக் குறை சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதுவும் எப்போது? பொங்கலுக்கு முந்தின நாள். கப்பல் வந்து, கரும்பு இறங்கி, கடை வாசலில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில் உள்ளே வந்தார். கிலோவுக்கு ஐந்து கிராம் தள்ளிக் காட்டுகிறது என்று தராசைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். அவர் வீடு என் கடைக்கு நாலாவது வீடு. தெருக்காரி என்ற இரக்கம் கொஞ்சமாவது வேண்டாமா?

அவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. அதனால் எங்கள் பக்கம் அவருக்கு முத்திரை சார் என்றே பெயர். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். இருபத்தாறு வயதில் தீவுக்கு வந்தவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஒருமுறை லாங் ஐலண்டுக்குப் படகில் போகும்போது கடல் பொங்கி, எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொள்ள, இவர் மட்டும் தன்னுடையதைப் தராசுப் படிக்கற்கள் இருந்த பெட்டிக்கு மாட்டிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நான் நேரிலேயே கேட்டேன்.

"தப்பா சொல்றாங்கம்மா. பெட்டிக்கு ரெயின்கோட்டுதான் போட்டேன். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன், சேரலை" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில்தான் போண்டா இருந்தது. போண்டா ஒரு கினி பிக். பழுப்பு நிறத்தில், வால் இல்லாமல், உருண்டையாக, என் கண்ணுக்கு ஒரு பெரிய எலி. அவருடைய ஒரே மகள் சங்கவி வளர்த்தது. அவள் படிக்கச் சென்னைக்குக் கிளம்பியபோது ஹாஸ்டலில் பிராணிகளுக்கு இடமில்லை என்பதால் இங்கேயே விட்டுப் போனாள். அதுவரை "அந்தப் பிராணி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மகள் போன மறுவாரமே அதற்குப் பேப்பர் படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். கப்பல் புறப்படும் நேரங்களைத்தான் அது விரும்பிக் கேட்கிறது என்று அவர் மனைவி அமிர்தவல்லி அக்காவிடம் சொன்னாராம். அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஜூன் மாதம் மழை பிடித்ததும் போண்டா சாப்பாட்டை நிறுத்திவிட்டது. வயிறு பந்து மாதிரி உப்பிப்போனது. கால்நடை டாக்டர் சுதா நாலு நாள் பாடுபட்டுக் காப்பாற்றினார். தொள்ளாயிரம் கிராம் இருந்தது எழுநூற்று அறுபதுக்கு வந்திருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "இந்த ஜாதி நோயை வெளியில காட்டிக்காது சார். சாப்பிடற மாதிரியே உட்கார்ந்திருக்கும். எடை ஒண்ணுதான் நமக்குத் தெரியற வழி. தினமும் காலையில ஒரே நேரத்துக்கு எடை போடுங்க. ஊறவெச்ச தீவனத்தைக் கூழாக்கி ஊசியில்லாத சிரிஞ்சுல ஆறு வேளை குடுங்க. எழுநூத்தி அம்பதுக்குக் கீழ இறங்குனா ஒரு நாள்கூட வெச்சிருக்காம கொண்டு வந்துடுங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

சங்கவிக்குப் பரீட்சை நேரம். போனில் அழுதிருக்கிறாள். "அப்பா, தினமும் வெயிட்டு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பிட்டுப் படிப்பேன்" என்றாளாம். மறுநாள் காலை ஆறரைக்கு முத்திரை சார் ஒரு பிரம்புக் கூடையோடு என் கடை வாசலில் நின்றார்.

"ஏம்மா புஷ்பா, உன் தராசைக் கொஞ்சம் உபயோகிச்சுக்கட்டுமா?"

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! "வீட்டுக்கு ஒரு சின்னத் தராசு வாங்கிக்கலாமே சார், ஆன்லைன்ல கொட்டிக் கிடக்கே" என்றேன்.

"அதுல முத்திரை கிடையாதும்மா. உன்னோடது போன மாசம் நானே சோதிச்சது."

கூடையின் ஓட்டையில் கால் மாட்டாமல் இருக்க அக்கா உள்ளே சாக்குத் துண்டு வைத்துத் தைத்திருந்தார். அதன் நடுவில் போண்டா மூக்கை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெற்றுக் கூடையை வைத்து டேர் பட்டனை அமுக்கினால் கூடையின் எடையைத் தராசே கழித்துவிடும், அப்புறம் போண்டாவைப் போடுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அந்தப் பட்டனை வெச்சு எத்தனை கடைக்காரங்க ஏமாத்தி நான் பிடிச்சிருக்கேன் தெரியுமா? பட்டன் வேணாம். கூடைக்கு நேத்தே எடை எடுத்து எழுதிட்டேன். பார்."

பார்த்தேன். கூடையின் பக்கவாட்டில் சிவப்பு பெயிண்டில் '640 கிராம்' என்று எழுதி, தேதி போட்டு, அடுத்த வருஷம் ஜூன்வரை செல்லும் என்றும் எழுதி, சின்னக் கையெழுத்தும் வைத்திருந்தார். பிரம்புக் கூடைக்கு முத்திரை! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெங்காயத்தை அடுக்கினேன்.

அன்றிலிருந்து தினமும் ஆறரை மணி. குடை அவருக்குப் பாதி, கூடைக்குப் பாதி என்று நனைந்துகொண்டே வருவார். தராசு காட்டும் எண் ஆடி அடங்கும்வரை மூச்சுவிட மாட்டார், என்னையும் விட விடமாட்டார். அறுநூற்று நாற்பதைக் கழித்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மீன் வாங்கித் திரும்பிய பெங்காலிக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தாதா, பாவ் க்யா ஹை?" என்று கிலோ விலை கேட்டார். சார் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பேச்னே கா நஹி ஹை! விக்கிறதுக்கு இல்லை!" என்று கத்தியதில் மூன்று வீட்டுக் கதவு திறந்தது.

எடை ஏறியது. எழுநூற்று அறுபத்தைந்து, எழுநூற்று எழுபது, எழுநூற்று எழுபத்தைந்து. ஒவ்வொரு நாளும் கடை வாசலிலிருந்தே சங்கவிக்குப் போன் போகும். "அஞ்சு கிராம் கூடியிருக்கு பாப்பா" என்று அவர் சொல்லும் குரலைக் கேட்டால், என் கரும்புக் கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது. ஒரு வாரம் ஆனதும், தானாகச் சாப்பிடப் பழகட்டும் என்று சிரிஞ்சு வேளையை ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்தார். அக்காவுக்கு அதில் சம்மதமில்லை. சார் நோட்டைத் திறந்து காட்டினாராம்.

மழை விடவில்லை. பன்னிரண்டாம் நாள் தராசு காட்டியதில் கழித்தால் எழுநூற்று எண்பத்தைந்து. சார் போனைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது அமிர்தவல்லி அக்கா ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு வேகமாக வந்தார். ஒருநாளும் கூட வராதவர்.

"போன் பண்ணாதீங்க. அது எளைச்சுக்கிட்டே போவுது. தூக்குனா கையில ஒண்ணுமே இல்லைங்க."

"எழுநூத்தி எண்பத்தஞ்சு அமிர்தம். இங்க பார்."

"நீங்க பாருங்க. நான் தெனம் மடியில வெச்சிருக்கேன்."

"மடிக்கு முத்திரை இருக்கா?" என்று கேட்டுவிட்டார் மனிதர்.

அக்கா தராசில் இருந்த கூடைக்குள் கைவிட்டுப் போண்டாவைத் தூக்கிவிட்டார். தட்டில் வெறும் கூடை. எண் ஆடியது, அடங்கியது. எழுநூற்று முப்பது.

மழைக்காலத்தில் சாக்கு கனக்கும் என்பது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு நாளாக அந்தப் பிரம்பும் சாக்கும் தண்ணீர் குடித்துக் குடித்துத் தொண்ணூறு கிராம் கூடியிருக்கிறது. எடை ஏறியதெல்லாம் கூடைக்குத்தான். போண்டா அறுநூற்றுத் தொண்ணூற்றைந்துதான் இருந்தது.

சார் கூடையைத் தொட்டுப் பார்த்தார். சாக்கை அமுக்கினார். விரலில் ஈரம். "தேதி இன்னும் முடியலையே" என்று முணுமுணுத்தார். பிறகு என் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "குடிச்சிட்டிருந்த கூழையும் நான்தானே பாதியாக் குறைச்சேன்" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். அவரைத் திட்டுவதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தேன், அதை ஒதுக்கிவைத்தேன். ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, ஓடிப் போய் ஆட்டோவை நிறுத்தி நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் சுதா பார்த்ததும் திட்டினார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்றார். தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினார், ஊசி போட்டார். இரண்டு மணிக்கொருமுறை கூழ், சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், எழுநூற்று ஐம்பதைத் தாண்டினால் பயமில்லை, தாண்டவில்லை என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்.

சார் எழுந்து நின்றார். "தப்பு என்னுது டாக்டர். கழிக்க வேண்டிய கூடை எடையைத் தப்பா எடுத்திருக்கேன். சீட்டுல எழுதிக்குங்க."

"அதுக்கெல்லாம் இதுல இடமில்லை சார். உட்காருங்க" என்றார் டாக்டர்.

வராந்தாவில் நின்று மகளுக்குப் போன் செய்தார். "பாப்பா, நான் பன்னெண்டு நாளாச் சொன்னது அத்தனையும் தப்பு" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னார். அவள் என்ன கேட்டாளோ, "அம்மா சொல்லிச்சு. நான்தான் கேக்கலை" என்றார். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

முப்பது வருஷத்தில் முதல் முறையாக ஒரு வாரம் லீவு போட்டார். கூடை குப்பைக்குப் போனது. பதிலுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம். தினமும் அதை நன்றாகத் துடைத்து, வெறுமையாக வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் டேர் பட்டனை அமுக்குவார். எழுநூறு. எழுநூற்றுப் பத்து. ஒருநாள் அசையவே இல்லை. பிறகு எழுநூற்று இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை எழுநூற்று நாற்பது. அன்று நான் கொடுத்த கொத்தமல்லியைப் போண்டா தானாகவே கடித்தது. நான் ஒரு கட்டு முழுவதையும் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடியுமுன்பே காற்று எங்கேயோ மரத்தைச் சாய்த்துவிட்டது, கரண்ட் இல்லை. தராசின் பேட்டரியும் உயிரை விட்டிருந்தது. பாத்திரத்தை வைத்தால் கறுப்புக் கண்ணாடி நம்மையே பார்க்கிறது. சார் பட்டனை நாலு தடவை அமுக்கினார். நான் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். "வேற கடை?" என்றேன். தெருவே இருட்டாகக் கிடந்தது. சென்னையில் மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அன்று கூடவே குடை பிடித்து வந்திருந்த அக்கா பக்கம் சார் மெதுவாகத் திரும்பினார். "அமிர்தம், நீ தூக்கிப் பாரேன்."

அக்கா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, போண்டாவை இரண்டு கையிலும் ஏந்தினார். லேசாக ஏற்றி இறக்கினார். வயிற்றடியில் விரல் கொடுத்துப் பார்த்தார். அது கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அவர் முந்தானையைக் கடிக்கத் தொடங்கியது.

"நேத்தைக்கு மேலதான்."

"எவ்வளவு மேல?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பொழைச்சுக்கும்."

சார் நோட்டைத் திறந்தார். தேதி போட்டார். கிராம் எழுத வேண்டிய கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, 'பிழைத்துக்கொள்ளும்' என்று எழுதினார். அடியில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நோட்டையும் பேனாவையும் மனைவியிடம் நீட்டினார்.

"நீயும் போடு. பார்த்தது நீதானே."

அக்கா போண்டாவை என் கையில் கொடுத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சார் கையெழுத்துக்கு மேலே தன் பெயரை முழுசாக எழுதினார்.