பூஜையில் வைத்த பிளக்குகள்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் என் அப்பாவின் விரல்களில் பெட்ரோல் மணக்கும். அந்தக் கையால் இட்லியைப் பிட்டு எனக்கு ஊட்டினால் இட்லியும் மணக்கும். அம்மா திட்டுவாள், எனக்கு என்னவோ பிடிக்கும். அபிராமபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் வீடு. வாசலில், கூரை முழுக்க வேப்பம்பூ உதிர்ந்து கிடக்க, ஒரு பழைய வெள்ளைக் கார் நிற்கும். அதன் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, நீளக் குழாய் போன்ற பிளக் ஸ்பானரை உள்ளே விட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் திருகிக் கழற்றி, செய்தித்தாளின் மேல் வரிசை மாறாமல் படுக்கவைப்பார் அப்பா. அதற்குப் பிறகு உலகமே அந்தச் செய்தித்தாளின் அளவுக்குச் சுருங்கிவிடும். தெருவில் கீரைக்காரி கூவுவதும், பக்கத்து வீட்டு வானொலியும், அம்மா "காப்பி ஆறுது" என்று கத்துவதும் ஏதோ தண்ணீருக்கடியில் இருந்து கேட்பது போலத்தான் எங்கள் இருவருக்கும் கேட்கும்.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல அப்பா ஒவ்வொரு பிளக்கின் நுனியையும் வெயிலில் காட்டிப் பார்ப்பார். நுனி காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் வண்டிக்கு உடம்பு சுகம். கருப்பாகக் கரி அப்பியிருந்தால் பெட்ரோலை அளவுக்கு மேல் குடிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது, செலவு வரும். வெளுத்துப்போயிருந்தால் சூடு தாங்கவில்லை. பிறகு கிண்ணத்துப் பெட்ரோலில் முக்கி, பழைய பல் பிரஷால் தேய்த்து, உப்புத்தாளால் முனையைப் பளபளக்க வைத்து, பொறி தாவும் இடுக்கைச் சரிபார்ப்பார். அதற்கென்று கடையில் விற்கும் தகடெல்லாம் அவருக்குக் கிடையாது. கல்யாணப் பத்திரிகை ஒன்றை இரண்டாக மடித்து இடுக்கில் விட்டு, கொஞ்சம் பிடித்துப் பிடித்து வெளியே வந்தால் சரி. மாட வீதிக்குப் பக்கத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவருக்குக் கல்யாணப் பத்திரிகைக்கா பஞ்சம்? மயிலாப்பூரில் நடந்த பாதிக் கல்யாணங்கள் எங்கள் கார் பிளக்குக்குள் புகுந்து வந்தவைதான்.

"பொறி இருந்தாத்தான் அது வண்டி" என்பார் அப்பா. இதை அவர் பொதுவாகச் சொல்வது போலத்தான் சொல்வார். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அது தாமு மாமாவுக்குச் சொன்னது.

தாமு மாமா என் மல்லிகா அத்தையின் வீட்டுக்காரர். திருவல்லிக்கேணிக்காரர். சொந்தமாக ஒரு டீசல் வேன் வைத்துக்கொண்டு, கல்யாண மண்டபங்களுக்கு அண்டாவும் கரண்டியும் ஏற்றிப்போகிறவர். அப்பாவின் கடைக்குத்தான் லோடு எடுக்க வந்துகொண்டிருந்தார். கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது அத்தை. தாத்தாவும் பாட்டியும் இறந்துபோன பிறகு அப்பா தூக்கி வளர்த்த தங்கை அவள். எப்போது பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் இருவரும் வடபழனியில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். "அண்டாவோட சேத்து என் தங்கச்சியையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டான்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். இரவில் சாப்பிடாமல் எழுந்துபோவார்.

தங்கையின் மேல் அவரால் கோபத்தைக் காட்ட முடியவில்லை. மாமாவின் மேலும் நேராகக் காட்டவில்லை. எல்லாவற்றையும் அந்த டீசல் வேன்மேல் காட்டினார். "அந்தப் புகை கக்குற சனியன் என் வாசல்ல நிக்கக் கூடாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு அத்தையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, மாமா தினமும் சாயங்காலம் வருவார். வேனைத் தெருமுனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு நடந்து வருவார். வாசலில் நின்று, "மொதலாளி கீறாரா?" என்று என்னிடம் மெல்லக் கேட்பார். இருந்தால் ஐந்து நிமிடம், இல்லாவிட்டால் அரை மணி. மைத்துனரை மச்சான் என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அப்பாவோ அவரை "டிரைவர்" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தை பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருப்பாள்.

ஒருமுறை நான் மாமாவிடம், "உங்க வண்டியில பிளக்கை எப்போ கழட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். உள்ளே அப்பா நாளிதழைத் தாழ்த்தியதை நான் பார்த்தேன். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டீசலுக்கு பிளக்கே கெடயாது கண்ணு. காத்தப் போட்டு அமுக்கு அமுக்குனு அமுக்குனா அதுவே சூடாய்க்கும். அதுல டீசல பீச்சுனா தன்னால பத்திக்கினு ஓடும். பில்டர்ல தண்ணி சேராம பாத்துக்கினா போதும். ஹீட்டர் பிளக்குன்னு ஒண்ணு கீது, அது காலைல குளுர்ல எழுப்பி உடறதுக்குத்தான்."

"பொறியே இல்லாம ஓடுதாம், பெரிசா" என்றார் அப்பா உள்ளேயிருந்து, நாளிதழிடம்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. தெருவெல்லாம் பூசணிக்காய் உடைபட்டு, சைக்கிளில் இருந்து தையல் மெஷின் வரைக்கும் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. மற்றவர்கள் வண்டிக்கு மாலை போட்டுப் பூஜை செய்வார்கள். எங்கள் அப்பாவுக்கு அது போதாது. வண்டியின் உயிர் எதுவோ அதைத்தான் சாமி முன்னால் வைக்கவேண்டும் என்பது அவர் சட்டம். நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடைத்து, தாம்பாளத்தில் என் பள்ளிப் புத்தகங்களுக்கும் கடையின் பித்தளைக் கரண்டிக்கும் பக்கத்தில் வைத்துவிடுவார். மறுநாள் விஜயதசமி வரை எதையும் எடுக்கக் கூடாது. எனக்குப் படிக்க வேண்டாம், காருக்கு ஓட வேண்டாம். ஆகா, வருஷத்தில் அப்படி ஒரு நாள்!

அம்மா அன்று காலையிலேயே சொன்னாள். "புள்ளத்தாச்சிய வீட்டுல வச்சிக்கிட்டு இந்த வருஷம் போய் இதக் கழட்டணுமா? ஒரு பொட்டு வச்சி உட்டுட்டாப் பத்தாதா?"

"அவளுக்கு இன்னும் நாள் இருக்குடி. சாமி காரியத்துல குறுக்க பேசாத" என்றார் அப்பா. சந்தனத்தை நிறையக் குழைத்து, பிளக்குகளின் வெள்ளைப் பீங்கானிலும் நுனியிலும் ஒன்றுவிடாமல் அப்பி, குங்குமம் வைத்தாள் அம்மா. கோபம் வந்தால் அவள் எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகச் செய்வாள்.

மதியம் சுண்டலும் பாயசமுமாகச் சாப்பிட்டுவிட்டு வீடே கண்ணயர்ந்திருந்தது. ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில், சாம்பிராணிப் புகை, ஊதினால் பறந்துவிடும்போல லேசாகக் கிடந்த பொரி. நான் தரையில் படுத்துக்கொண்டு தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு பிளக்குகளும் பொட்டு வைத்துக்கொண்டு நான்கு குட்டிச் சாமிகளாக உட்கார்ந்திருந்தன. அப்போதுதான் அத்தை, "அண்ணே" என்று கூப்பிட்டாள். பிறகு இன்னொரு முறை. அந்தக் குரலில் நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். பனிக்குடம் உடைந்து பாயெல்லாம் ஈரம்.

அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சாமியாவது சட்டமாவது, தாம்பாளத்திலிருந்து பிளக்குகளை அள்ளிக்கொண்டு ஓடினார். வேட்டியில் துடைத்து, திருகி, சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். மறுபடி இருமியது. நுனி இடுக்கில் புகுந்த ஈரச் சந்தனம் துடைத்தால் போகுமா? பொறி எங்கே தாவும்? கழற்றினார், ஊதினார், உப்புத்தாளைத் தேடினார், மாட்டினார். திருப்பத் திருப்ப பேட்டரியும் சோர்ந்து, கடைசியில் "டிக்" என்ற ஒற்றைச் சத்தம்தான் வந்தது. தெருவில் ஆட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாலை போட்டுக்கொண்டு ஸ்டாண்டில் நின்றிருக்க, ஓட்டுகிறவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தை, பல்லைக் கடித்தபடி சொன்னாள். "அண்ணே, அவரு முனையில இருக்காரு. பூஜை போட்டுட்டுப் பொரி கொண்டாறேன்னாரு. நீ தூங்கி எழுந்திரிக்கட்டும்னு மரத்தடியில காத்துட்டிருப்பாரு. போய்க் கூப்புடு."

அப்பா அவளைப் பார்த்தார். கை நிறைய கரியும் சந்தனமும். செருப்பில்லாமல் ஓடினார். பாதித் தெரு போனபோதே, பூஜை விளக்கு எரிந்த வீடுகளெல்லாம் கேட்கும்படி, "மாப்ளே! மாப்ளே!" என்று கத்தினார். அப்பாவின் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று கட்டியிருந்த வேன் தெருமுனையில் எங்கள் பக்கம் திரும்பியது. வாசலில் வந்து நின்றபோது எஞ்சின் படபடத்து அணைந்துவிட்டது. அத்தையை ஏற்றி, இரண்டு அண்டாக்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்கவைத்தோம். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா முன் சீட்டில் ஏறி, "எடு, எடு" என்று அலறினார்.

மாமா சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினார். "இரு மச்சான். இம்மா நேரம் நின்ன வண்டி, சரியா சூடேறல. ஹீட்டரு செவக்கணும்."

மச்சான் என்று சொன்னதை மாமாவே கவனித்ததாகத் தெரியவில்லை. டேஷ்போர்டில் ஒரு சின்ன வளையத்துக்குள் இருந்த கம்பிச் சுருளை எல்லோரும் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கனவில் வரும்போது ஒரு மதியம் முழுவதும் நீள்கிறது. வாழை இலை ஒன்று கண்ணாடியில் உரசியது. அத்தை முனகுவதை நிறுத்தியிருந்தாள். கம்பி முதலில் மங்கலாக, பிறகு மருதாணிச் சிவப்பாக, பிறகு கனலாக மாறியது. மாமா சாவியை முழுக்கத் திருப்பினார். வேன் ஒரு குலுக்குக் குலுக்கி, எங்கள் வெள்ளைச் சுவரெல்லாம் கரியாகும்படி புகை கக்கிவிட்டுக் கிளம்பியது. இவ்வளவு அழகான புகையை நான் பார்த்ததே இல்லை.

திருவல்லிக்கேணிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸம்மா போய்விட்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, அவர் கையில் பொரியை வைத்தார். சரஸ்வதி பூஜையன்று பிறந்ததால் குழந்தைக்கு வாணி என்று பெயர் வைத்தது அப்பாதான்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேன் எங்கள் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தது, அதனால் சண்டை அருகிலிருந்து நடந்தது, அவ்வளவுதான். "உன் வண்டி சத்தத்துல புள்ள எப்படி மாப்ளே தூங்கும்?" என்பார் அப்பா. "உன் வண்டி எங்க மச்சான் சத்தம் போடுது, அதுதான் கெளம்பவே மாட்டேங்குதே" என்பார் மாமா. இருபது வருஷத்துக்கும் மேல் இதே பேச்சு. ஊரில் இருந்தால் ஒரு நாள்கூட அதை விட்டுவைத்தது கிடையாது.

இன்று அந்தத் தெருவில் எங்கள் வீடு இல்லை. நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. வேப்பமரம் போயிற்று, காரைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று, வேனை மாமா விற்றுவிட்டார். அப்பா போய் நான்கு வருஷமாகிறது. வாணி போன புரட்டாசியில் மின்சாரக் கார் ஒன்று வாங்கினாள். ஆயுத பூஜைக்குத் திருவான்மியூரில் அவள் ஃபிளாட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். பெட்ரோல் மணம் இல்லை, டீசல் புகை இல்லை, கழற்றித் துடைக்க ஒரு திருகாணி இல்லை. வாணி சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுல எதுக்குப்பா பொட்டு வைக்கறது?" என்று மாமாவைக் கேட்டாள். பிறகு என் அப்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டே, "பெரிய மாமா இருந்தா இந்தக் காரைப் பாத்துட்டு நம்ம ரெண்டு பேரையும் சேத்து இல்ல திட்டியிருப்பாரு" என்றாள்.

மாமா மேல்துண்டை எடுத்து, தூசே இல்லாத அந்தக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திட்றதுக்காவது இருந்துருக்கலாமே, மச்சான்" என்றார்.