மருமகள் சொன்ன அவசரம்

இரக்கமுள்ள ஆண்டவருக்கு முதலில் நன்றி. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். என் மருமகளைப் பற்றி நம் சபையில் சிலரிடம் நான் வாய் கூசாமல் பேசியிருக்கிறேன்.

நான் நாகர்கோவில்காரி. கணவர் இறந்த பிறகு ஊர் வீட்டை விற்று, மாரெட்பள்ளியில் என் பெயரில் ஒரு ஃப்ளாட் வாங்கி, மகனோடும் மருமகள் சுனிதாவோடும் இருந்தேன். சுனிதா தெலுங்குப் பெண். எனக்காகத்தான் தமிழ் பேசப் பழகினாள். நான் நாலு வருஷமாக இந்தத் தெலுங்கு ஊரில் இருந்தும் தெலுங்கில் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. அவள் தமிழைக் கேட்டுச் சிரிக்க மட்டும் தெரியும். போன வருஷம் என் மகன் மாரடைப்பில் போய்விட்டான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம்.

இந்த ஜூன் மாதம் எனக்கும் நெஞ்சுவலி வந்தது. பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பயத்தில் சோறு இறங்கவில்லை. நம் மூப்பர் ஒருவர், "அம்மா, ஆபரேஷனுக்கு முந்தி உயில் எழுதி வச்சிருங்க" என்றார். வக்கீலிடம் கேட்டேன். உயில் இல்லாவிட்டால் சென்னையில் இருக்கும் என் மகள் பிரேமாவுக்குத்தான் வீடு போகும், சுனிதாவுக்கு எதுவும் கிடைக்காது என்றார்.

சுனிதாவுக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். சாப்பிடும்போது பேச்செடுத்தேன். "ஏ சுனிதா, இந்த வீட்டை என்ன செய்யலாம்னு நீயே சொல்லு."

அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்குத் தொந்தர ஏமி இல்ல அத்தம்மா. ஆனா இந்த வீடு எனக்கு அவசரம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவளுக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லையாம், வீடு மட்டும் அவசரமாம்! நான் இன்னும் கண்ணை மூடவே இல்லை, அதற்குள் என்ன அவசரம்? திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூப்பருக்கும் சபைச் செயலாளருக்கும் போன் போட்டு, "நான் எப்ப சாவேன்னு பார்த்துக்கிட்டு இருக்கா" என்று அழுதேன். அந்த வாரமே வீட்டைப் பிரேமாவுக்கு எழுதி, அந்த இரண்டு பேரையும் சாட்சியாக வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு வக்கீல் ஆபீசுக்கு என்னை ஸ்கூட்டியில் கூட்டிப் போனது யார் தெரியுமா? சுனிதா. கொண்டாப்பூரில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். என்ன எழுதினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் நான் நடிப்பு என்று நினைத்தேன்.

ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, "ஆண்டவரே, அவ மனசு என்னன்னு எனக்குக் காட்டும்" என்று கேட்டேன். நல்ல எண்ணத்தில் கேட்கவில்லை. அவள் கெட்டவள் என்று அவரும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் ரத்த வங்கியிலிருந்து ஒருவர் வந்து சுனிதாவிடம், "அம்மகி பிளட் அவசரம்" என்றார். அவள் உடனே எழுந்து வெளியே ஓடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, எனக்கு என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு அவசரம்?" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சித்தூர்ப் பக்கம், நன்றாகத் தமிழ் பேசுவாள். சிரித்துவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, ஆபரேஷன் நாளைக்குத்தான். தெலுங்குல அவசரம்னா 'தேவை'னு அர்த்தம். ரத்தம் தேவைப்படும்னு சொல்லிட்டுப் போறாரு."

"அப்போ நம்ம அவசரத்துக்கு?"

"அதுக்குத் தொந்தரன்னு சொல்வாங்க. தொந்தர இல்லைன்னா, அவசரம் ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

அவள் அன்று சொன்னதை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை அத்தம்மா, ஆனால் இந்த வீடு எனக்குத் தேவை. இவ்வளவுதான் அந்தப் பிள்ளை சொன்னது. வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

சுனிதா திரும்பி வந்தாள். ரத்தம் கொடுத்த கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "அன்னைக்கு வீடு வேணும்னு சொன்னியே, ஏம்மா?" என்று கேட்டேன்.

"எங்க போறது அத்தம்மா? எங்க அம்மா வீட்ல அண்ணா, வதினா இருக்காங்க. அவரு இருந்த இல்லு இது. நீங்க டிஸ்சார்ஜ் ஆயி வந்தா நான்தானே பாக்கணும்?" என்றாள். பிறகு பயந்து, "தப்பா சொல்லிட்டேனா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆண்டவர் எனக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தார். உடம்பு தேறியதும் முதல் வேலையாகப் பழைய உயிலை ரத்து செய்து, வீட்டைச் சுனிதாவுக்கு எழுதினேன். பிரேமாவிடம் சொன்னேன். "இதை முதல்லயே செஞ்சிருக்கணும்மா" என்று என்னைத்தான் திட்டினாள். ஏன் மாற்றுகிறீர்கள் என்று மூப்பர் கேட்டபோது, "யோசிச்சேன்" என்று மழுப்பிவிட்டேன். என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அவள் பெயர் கெட்டபடியே கிடந்தது.

அவள் மனதைக் காட்டும் என்று கேட்டேன். அதைக் காட்டினார், கூடவே என்னுடையதையும் காட்டினார். இப்போது தினமும் சுனிதாவிடம் தெலுங்கு படிக்கிறேன். அவள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். பிரியமானவர்களே, நீங்களும் உயில் எழுதுங்கள். ஆனால் மனக்கசப்போடு எழுதாதீர்கள். அவரிடம் கேளுங்கள். கோபத்தோடு கேட்ட எனக்கே பதில் தந்தவர், உங்களைக் கைவிட மாட்டார்.

சுனிதாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் இதை நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கும் முன்னால் அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் அசையாமல் கேட்டாள். பிறகு சொன்னாள். "அந்த ரெண்டு அங்கிளும் சர்ச்சுல பாக்குற எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்வாங்க, எனக்கு மட்டும் சொல்லமாட்டாங்க. தெலுங்குப் பொண்ணுங்கறதாலன்னு நெனச்சேன் அத்தம்மா."

அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் அவளைப் பார்த்தால், தயவுசெய்து நீங்கள் முந்திக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.